ஒரு துறைமுகத்துக்கு ஓர் ஆசை போதும்

மத்தியதரைக் கடலில் கப்பல் பயணம் போகத் திட்டமிடும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குடும்பத்தாருக்கு,

தாத்தா, பாட்டி, பிள்ளைகள், தோளில் தூக்க வேண்டிய குழந்தை என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு இத்தாலிக் கரையோரம் கப்பலில் போக முடிவெடுத்திருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர்தான் இந்தத் திட்டத்தைத் தலையில் சுமப்பார். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு ரயில் நேரம் பார்ப்பவரும், டிக்கெட் விலையைக் கூட்டிப் பார்ப்பவரும் அவர்தான். இந்த மடலை அவர் முதலில் படிக்கட்டும். பிறகு வீட்டார் எல்லோருக்கும் வாசித்துக் காட்டட்டும்.

கப்பல் நிறுவனம் தரும் பயண அட்டவணையில் ஒரு நாளுக்கு நேரே ரோம், அடுத்த நாளுக்கு நேரே ஃபுளோரன்ஸ், அதற்கடுத்து நேப்பிள்ஸ் என்று இருக்கும். பார்த்ததும் மனம் துள்ளும். ஆனால் இவற்றில் கப்பல் நகரத்துக்குள்ளேயே வந்து நிற்பது நேப்பிள்ஸில் மட்டும்தான். ரோமுக்கு என்று சொல்லப்படும் துறைமுகம் சிவித்தாவெக்கியா. அங்கிருந்து ரோம் சுமார் 70 கிலோமீட்டர். ஃபுளோரன்ஸுக்கு என்று சொல்லப்படுவது லிவோர்னோ. அது ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இந்தத் தொலைவைக் கணக்கில் கொள்ளாமல் போடும் திட்டம் குடும்பத்தை ஓடவைக்கும். மாலையில் கால் வலியும் கோபமும்தான் மிஞ்சும். அதனால் உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: ஒரு துறைமுகத்துக்கு ஓர் ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றை நிதானமாக, வயிறாரச் சாப்பிட்டு, உட்கார்ந்து, பேசிப் பாருங்கள்.

முதலில் மணிக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காலை 7 மணிக்குக் கப்பல் சிவித்தாவெக்கியாவில் கட்டப்படுகிறது, மாலை 7 மணிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கையில் இருப்பதுபோல் தோன்றும். இறங்க அனுமதி கிடைத்து, குடும்பம் முழுவதும் காலை உணவு முடித்துப் படியிறங்க 8 மணி ஆகிவிடும். துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள்; பேருந்தில் ஏறி வாசலுக்கு வந்து, அங்கிருந்து ரயில் நிலையம் போய், டிக்கெட் வாங்கி, ரயில் பிடித்து ரோமில் கால் வைக்கும்போது 10 மணி. மாலையில் எல்லோரும் கப்பலில் ஏறியிருக்க வேண்டிய நேரம் புறப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடும். அதற்கும் முன்னால் ஒன்றரை மணி நேரத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்டால், பிற்பகல் 3 மணி வாக்கில் ரோமை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். ஆக, கையில் இருப்பது ஐந்து மணி நேரம். சாப்பாடு, கழிப்பறை, குழந்தையின் அழுகை, பாட்டியின் முழங்கால் எல்லாம் அந்த ஐந்து மணி நேரத்துக்குள்தான்.

அந்த ஐந்து மணி நேரத்தில் கொலோசியம், வாத்திகன், திரேவி நீரூற்று மூன்றையும் அடுக்காதீர்கள். ரோம்தான் உங்கள் பெரிய ஆசை என்றால் அதைக் கப்பல் நாட்களுக்கு வெளியே எடுத்துவையுங்கள். பல மத்தியதரைக் கடல் பயணங்கள் சிவித்தாவெக்கியாவிலேயே தொடங்கி அங்கேயே முடிகின்றன. கப்பல் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னதாக ரோமுக்கு வந்துவிடுங்கள். நம் ஊரிலிருந்து நீண்ட வான்பயணம் முடித்து வருகிறவர்களுக்கு அது இன்னொரு வகையிலும் காப்பு: விமானம் தாமதமானாலும் பெட்டி ஒருநாள் பிந்தி வந்தாலும் கப்பல் கைவிட்டுப் போகாது. ஒரு நாள் கொலோசியத்துக்கும், பக்கத்திலிருக்கும் பழங்கால ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்துக்கும். இன்னொரு நாள் வாத்திகனுக்கு. மாலை வேளைகளை நகரச் சதுக்கங்களில் கழியுங்கள். ஐஸ்கிரீமும் நீரூற்றும் இருந்தால் பிள்ளைகளுக்கு வேறொன்றும் வேண்டாம். ரோமின் தெருக்களில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் குடிநீர்க் குழாய்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் உண்டு. ஆளுக்கொரு புட்டி இருந்தால் தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

கப்பல் நாளில்தான் ரோம் பார்க்க முடியும் என்ற நிலை இருந்தால் வாத்திகன் பக்கம் போங்கள். சிவித்தாவெக்கியாவிலிருந்து வரும் சாதாரண ரயில் ரோமின் நடு நிலையத்துக்கு முன்பே சான் பியேத்ரோ நிலையத்தில் நிற்கும். அங்கே இறங்கினால் புனித பேதுரு பேராலயம் நடக்கும் தூரம்தான். ஆலயத்துக்குள் செல்லக் கட்டணம் இல்லை, ஆனால் பாதுகாப்புச் சோதனைக்கு வரிசை நிற்கும். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். கோடை வெயிலில் கைக்குட்டை அளவு உடையோடு வரும் பிள்ளைகளுக்கு ஒரு மெல்லிய துப்பட்டாவைப் பையில் வையுங்கள். குவிமாடத்தின் உச்சி வரை 551 படிகள். மின்தூக்கியில் பாதிவழி போனாலும் 320 படிகள் மிச்சம். ஏறத் தெம்பு உள்ளவர்கள் போகட்டும்; மற்றவர்கள் சதுக்கத்தின் தூண்களடியில் நிழலில் காத்திருக்கலாம். வாத்திகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

முன்பே ரோமைப் பார்த்துவிட்டவர்களுக்கு அருகிலேயே ஒரு செல்வம் இருக்கிறது. சிவித்தாவெக்கியாவிலிருந்து வடக்கே சிறு ரயில் பயணத்தில் தர்க்வீனியா. ரோமானியர்களுக்கும் முன்னால் இந்த மண்ணில் வாழ்ந்த எத்ருஸ்கர்கள் நிலத்தடிக் கல்லறைகளின் சுவர்களில் விருந்தும் நடனமும் வேட்டையுமாக வண்ணம் தீட்டிவைத்திருக்கிறார்கள். 2004-இல் யுனெஸ்கோ இந்தக் கல்லறைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. படியிறங்கி, கண்ணாடி வழியே அந்த ஓவியங்களைப் பார்க்கும் பிள்ளைகள் அந்த ஊரை மறக்கமாட்டார்கள். கூட்டத்தில் இடிபடவும் வேண்டியதில்லை.

லிவோர்னோவில் கப்பல் நிற்கும் நாளில் எல்லாரும் ஃபுளோரன்ஸையும் பைசாவையும் ஒன்றாக முடிக்கப் பார்ப்பார்கள். நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் ஓவியம், சிற்பம் என்று உயிரை விடுகிறவர் இருந்தால் ஃபுளோரன்ஸ். அங்கும் மைக்கலாஞ்சலோவின் தாவீதா, உஃபீத்சி ஓவியக்கூடமா என்று ஒன்றை முன்பதிவு செய்யுங்கள். இரண்டுக்குமே திங்கட்கிழமை விடுமுறை. உங்கள் கப்பல் திங்களன்று அங்கே நிற்கிறதா என்பதை இன்றைக்கே பாருங்கள்.

சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நான் சொல்வது பைசாவும் லூக்காவும். லிவோர்னோவிலிருந்து பைசா ரயிலில் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும். 1173-இல் கட்டத் தொடங்கிய அந்தச் சாய்ந்த கோபுரம் மென்மண்ணில் ஒரு பக்கமாக அமிழ்ந்ததால் சாய்ந்தது. 1990-இல் ஆபத்தென்று மூடி, சாயாத பக்கத்தின் அடிமண்ணைச் சிறிது சிறிதாக எடுத்துச் சற்றே நிமிர்த்தி, 2001-இல் மீண்டும் திறந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் கிடைக்காது. ஆனால் 8 வயதுக்குக் குறைந்தவர்களைக் கோபுரத்தில் ஏறவிட மாட்டார்கள். அங்கே போய் வாசலில் நின்று குழந்தை அழாமல் இருக்க, வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். பைசாவிலிருந்து அரை மணி நேர ரயிலில் லூக்கா. ஊரைச் சுற்றி நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பழைய மதிலின் மேலே மரநிழலில் சைக்கிள் ஓட்டலாம். வாடகைக்குக் குடும்பமாக ஏறும் மிதிவண்டியும் கிடைக்கும். மேடு பள்ளம் இல்லாத பாதை, வண்டி வாகனம் இல்லாத அமைதி. பெரியவர்களும் சிறியவர்களும் ஒரே வேகத்தில் போகக்கூடிய அபூர்வமான இடம் அது.

கப்பல் லா ஸ்பெத்சியாவில் நின்றால், மலைச்சரிவில் வண்ண வீடுகளோடு கடலைப் பார்த்து நிற்கும் ஐந்து கிராமங்களான சிங்க்வே தெர்ரே பக்கத்திலேயே இருக்கிறது. முதல் கிராமமான ரியோமஜோரேக்கு ரயிலில் பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். ஐந்தையும் முடிக்கும் ஆசை வேண்டாம், இரண்டு போதும். கோர்னீலியா கிராமத்துக்கு ரயில் நிலையத்திலிருந்து ஏற முந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. பாட்டிக்கு அது ஆகாது. மொந்தெரொஸ்ஸோவில் மணற்கரை இருக்கிறது. நீச்சல் உடையும் துண்டும் எடுத்துக்கொண்டு வெர்னாத்சாவையும் மொந்தெரொஸ்ஸோவையும் மட்டும் பாருங்கள். பாதி நாள் தண்ணீரில் கழியட்டும்.

நேப்பிள்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மொத்தப் பயணத்திலும் பிள்ளைகள் மனத்தில் ஆழப் பதியும் நாள் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் புதைத்த பொம்பெயி நகரத்தை 1748 முதல் தோண்டி எடுத்து வருகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. நேப்பிள்ஸிலிருந்து சீர்க்கும்வெசுவியானா ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போகலாம். பொம்பெயி ஸ்கவீ என்ற நிலையத்தில் இறங்கினால் வாசல் எதிரிலேயே. கூட்டத்தைக் கட்டுப்படுத்த 2024 நவம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, டிக்கெட்டில் பெயரும் எழுதுகிறார்கள். கொலோசியத்திலும் பெயருள்ள டிக்கெட்தான். தலைப்பெழுத்தோடு பழகிய நம் பெயர்களை, பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் எழுத்து மாறாமல் கொடுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களிலும் தொல்லியல் களங்களிலும் நுழைவு இலவசம். எந்த நாட்டுப் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

பொம்பெயியை முழுதாகப் பார்க்க ஒரு நாளும் போதாது. தெருவைக் கடக்கப் போட்ட உயரமான கற்களையும், அவற்றுக்கிடையே வண்டிச் சக்கரம் பதித்த தடத்தையும் காட்டுங்கள். திரிகைக் கற்கள் நிற்கும் ரொட்டிக் கடை, சூடான உணவு விற்ற கடையின் பாத்திரம் பதித்த மேடை, குளியற்கூடம், வாசலில் நாய் ஜாக்கிரதை என்று எச்சரிக்கும் கல்லோவியம் இவை போதும். சாதாரண மனிதர்களின் காலை நேரம் எப்படி இருந்தது என்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். நிழல் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரியைத் தாண்டும் வெயிலில் கல்தரை கொதிக்கும். கதவு திறக்கும் நேரத்துக்கே போய், நண்பகலுக்கு முன் வெளியே வந்துவிடுங்கள். தள்ளுவண்டி அந்தக் கற்களில் உருளாது. குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பை எடுத்துச் செல்லுங்கள். நடக்கச் சிரமப்படும் பெரியவர் இருந்தால் அதே எரிமலை புதைத்த, அதே ரயில் பாதையில் இன்னும் அருகிலிருக்கும் எர்கொலானோவைத் தேர்ந்தெடுங்கள். அளவில் சிறியது. அங்கே மாடிவீடுகளும் கரியாகிப்போன மரக்கட்டில்களும்கூடத் தப்பி நிற்கின்றன.

பொம்பெயியில் நமக்கென்று ஓர் உறவும் உண்டு. 1938-இல் அங்கே ஒரு வீட்டில் இந்தியாவில் செதுக்கிய தந்தப் பெண்ணுருவம் ஒன்று கிடைத்தது. இன்று அது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ரோமில் மிளகைச் சேமித்துவைக்க ஃபோரத்தின் அருகே தனிக் கிடங்கே கட்டியிருந்தார்கள். அந்த மிளகு நம் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறிப் போனது. கொங்கு நாட்டு மண்ணில் ரோமானியக் காசுகள் கிடைப்பதற்கும் இந்த வணிகம்தான் காரணம். கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். இதே கடலைத் தேடித்தான் நம் சரக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் போயிருக்கிறது என்று தெரிந்தால் அவர்கள் பார்வையே மாறும்.

அட்டவணையில் வெனிஸ் என்று இருந்தால் துறைமுகத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் வெனிஸ் நகரின் முன்னால் செல்லும் ஜூதெக்கா கால்வாயில் நுழையக் கூடாது. பல கப்பல்கள் ரவென்னாவிலோ திரியெஸ்தேயிலோ நிற்கின்றன. அங்கிருந்து வெனிஸ் போக இரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். ஒரே நாளில் போய்த் திரும்புவது குடும்பத்துக்குத் தண்டனை. பயணம் அங்கே முடிகிறதென்றால் வெனிஸில் ஓர் இரவு தங்குங்கள். நகருக்குள் தங்குகிறவர்கள், பகலில் மட்டும் வந்து போவோர் குறிப்பிட்ட நாட்களில் கட்ட வேண்டிய நுழைவுக் கட்டணத்தையும் கொடுக்க வேண்டியதில்லை. வெறும் ஒரு நாள் நிறுத்தம் என்றால் ரவென்னாவிலேயே இருங்கள். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையுள்ள தங்க மொசைக் கூரைகளும் கவிஞர் தாந்தேயின் கல்லறையும் அந்தச் சிறிய ஊரில் நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன.

இத்தனை துறைமுகங்களுக்கு நடுவே ஒரு நாளையாவது இலேசாக விடுங்கள். அதிகமாகக் களைப்பவர் பெரும்பாலும் அம்மாதான். எல்லோருடைய தண்ணீர்ப் புட்டியும் மருந்தும் மாற்று உடையும் அவர் பையில் இருக்கும். அவர் வெறுங்கையோடு நடக்கும் ஒரு நாள் பயணத்தில் இருந்தே ஆக வேண்டும். அதற்கேற்ற துறைமுகங்கள் உண்டு. மெசினாவில் கப்பலிலிருந்து சிறு நடையில் பேராலயச் சதுக்கம். அங்குள்ள 1933-ஆம் ஆண்டுக் கடிகாரக் கோபுரத்தில் நண்பகல் 12 மணிக்குச் சிங்கம் கர்ஜிக்கும், சேவல் கூவும். அதைப் பார்த்துவிட்டு ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்பினாலே நாள் நிறைந்துவிடும். ஜெனோவாவில் 1992-இல் திறந்த பெரிய மீன் காட்சியகம் பழைய துறைமுகத்திலேயே இருக்கிறது. பலேர்மோவில் சந்தைகள் நடந்துபோகும் தூரம். அந்த நகரில் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பல ஆண்டுகளாக வேரூன்றி வாழ்கிறார்கள். ஊரின் காவல் தெய்வமான புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, பெல்லெக்ரீனோ மலை ஏறிப் போகும் பக்தர்களில் இந்துத் தமிழர்களும் உண்டு. பலேர்மோவின் தெருவில் தமிழ் காதில் விழுந்தால் நின்று நலம் கேளுங்கள்.

இனி, தவறவிடக் கூடாத சில காரியங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஷெங்கன் விசாவைப் பல முறை நுழையும் வகையிலேயே கேளுங்கள். கப்பல் நடுவே துருக்கி, துனிசியா போன்ற ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாட்டைத் தொட்டுத் திரும்பினால் அது இரண்டாவது நுழைவாகிவிடும்.

ரயில் வேலைநிறுத்தம் இத்தாலியில் அடிக்கடி நடப்பது, முன்கூட்டியே அறிவிப்பார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்கள் ஓரளவு ஓடும் என்ற உத்தரவாதம் உண்டு. நீங்கள் திரும்பும் பிற்பகலுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அன்றைக்கு வேலைநிறுத்தம் என்று தெரிந்தால் தொலைவான ஊரைக் கைவிட்டுத் துறைமுக ஊரிலேயே சுற்றுங்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனால் அது தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போனால் காத்திருக்காது. கால் வலிக்கும் பெரியவர்களோடு தொலைவான ஊருக்குப் போவதென்றால் அந்தச் சுற்றுலாவுக்கோ, உரிமம் பெற்ற ஓட்டுநருடன் ஒரு வேனுக்கோ கொடுக்கும் பணம் வீண் செலவு ஆகாது.

சாப்பாட்டை வயிறு கேட்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். பல உணவகங்களில் பிற்பகல் இரண்டரை, மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு இரவு ஏழு மணிக்குத்தான் மீண்டும் பற்றவைப்பார்கள். சைவக்காரர்களுக்குத் தக்காளியும் பூண்டும் மட்டும் போட்ட மரினாரா பீட்சா எங்கும் கிடைக்கும். லா ஸ்பெத்சியா, ஜெனோவா பக்கத்தில் கடலைமாவைக் கரைத்துச் சுட்ட ஃபரினாத்தா நம் நாக்குக்குச் சட்டென்று பிடிக்கும். பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பை நொதியால் உறையவைப்பது. கண்டிப்பான சைவர்கள் அது வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் உங்களிடம் எதிர்பார்ப்பது ஒன்றுதான். பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாலை வீட்டில் எல்லோரும் உட்காருங்கள். துறைமுகங்களின் உண்மையான பெயர்களை வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். இந்தப் பயணத்தில் உனக்கு எது வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பாட்டிக்குப் பேதுரு ஆலயத்தில் ஒரு மெழுகுவத்தி போதுமாக இருக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு எரிமலை. அப்பாவுக்கு ஒரு காபிக் கடையில் யாரும் அவசரப்படுத்தாத அரை மணி நேரம். அம்மாவிடம் கேட்காமல் விடாதீர்கள். உங்களுக்கு எது பிடிக்குமோ அதுதான் எனக்கும் என்று அவர் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாமல் மறுபடியும் கேளுங்கள். ஒவ்வோர் ஆசையையும் ஒரு துறைமுகத்துக்கு நேரே எழுதுங்கள். அந்த நாளில் அந்த ஆசைக்கு உரியவரே தலைவர். மற்றவர்கள் அவர் வேகத்தில் நடக்கட்டும்.

தாளில் இடம் கிடைக்காத ஊர்கள் நிறைய மிஞ்சும். அவற்றுக்காக வருந்த வேண்டாம். இத்தாலியை ஒரு வாரத்தில் பார்த்து முடித்தவர் யாரும் இல்லை. ஆனால் மூன்று தலைமுறையும் ஒன்றாக நடக்கக்கூடிய வாரங்கள் ஒரு குடும்பத்துக்கு எண்ணிச் சொல்லக்கூடிய அளவில்தான் கிடைக்கும். அந்த வாரத்தை ஓட்டமாக ஓடிச் செலவழிக்காதீர்கள்.



அன்புடன்,
உங்களைப்போலவே குடும்பத்தோடு பயணம் போகும் ஒருவர்